எல்லா டிஜிட்டல் முறைகளும் பேசும் ஒரே கையடக்க ரேடியோ: ஏன் இன்னும் வரவில்லை?

அண்மையில் அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் பெற்ற ஒருவர் கேட்டது இது: "எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் டி-ஸ்டாரில் பேசுகிறார், ஒருவர் டிஎம்ஆரில், இன்னொருவர் யேசு நிறுவனத்தின் ஃப்யூஷனில். மூன்றையும் பேசக்கூடிய ஒரே கையடக்க ரேடியோ ஏன் கடையில் கிடைப்பதில்லை? அப்படி ஒன்று வருமென்று காத்திருக்கலாமா, இப்போதே ஏதாவது ஒன்றை வாங்கிவிடலாமா?"

காத்திருக்க வேண்டாம். கேள்வியின் பின்பாதிக்கு அதுதான் பதில், எதை வாங்குவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முன்பாதிதான் எனக்கு முக்கியமானது. அவர் சொன்ன மூன்றும் குரலை பிட்டுகளாக்கி அனுப்பும் வெவ்வேறு டிஜிட்டல் முறைகள்; ஒன்றின் ரேடியோ மற்றொன்றோடு நேரடியாகப் பேசாது. "தொழில்நுட்பம் இன்னும் முதிரவில்லை, அதனால்தான் வரவில்லை" என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஆண்டெனாவிலிருந்து செயலி வரையிலான மின்னணுவியலில் இந்த முறைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவினர்கள். அவற்றைப் பிரித்து வைத்திருப்பது பேச்சைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள் துண்டும், அதன் மேலுள்ள உரிமைகளும், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று கட்டிய வலையமைப்பும்தான்.

முதலில் உறவைப் பார்ப்போம். டி-ஸ்டார் விநாடிக்கு 4800 பிட்டுகளை ஜிஎம்எஸ்கே என்ற பண்பேற்றத்தில் (தகவலை அலையின் மேல் ஏற்றும் முறையில்) அனுப்புகிறது. இரண்டே நிலைகள்: அதிர்வெண் சற்று மேலே போனால் ஒரு பிட், கீழே போனால் மற்றொன்று. டிஎம்ஆர், ஃப்யூஷன் ஆகியவற்றோடு வேறு மூன்று டிஜிட்டல் முறைகளான பி25 முதல் கட்டம், என்எக்ஸ்டிஎன், எம்17 என ஐந்தும் நான்கு நிலைகள் கொண்டவை. ஒரு குறியீட்டில் இரண்டு பிட்டுகள் பயணிக்கும். டிஎம்ஆரில் அந்த நான்கு நிலைகளும் மைய அதிர்வெண்ணிலிருந்து 648 ஹெர்ட்ஸ், 1944 ஹெர்ட்ஸ் என மேலும் கீழுமாக விலகி நிற்கின்றன. பி25-இல் 600, 1800. எம்17-இல் 800, 2400. ஃப்யூஷனில் 900, 2700. 6.25 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கும் என்எக்ஸ்டிஎன்னில் 350, 1050. அந்த என்எக்ஸ்டிஎன் வகையைத் தவிர மற்ற நான்கிலும் குறியீட்டு வேகம் விநாடிக்கு 4800-தான்.

இந்த எண்களை வரிசையாகப் பார்த்தாலே புரிந்துவிடும். வேறுபாடு விலகலின் அளவிலும் வடிகட்டியின் வடிவத்திலும்தான் இருக்கிறது, இரண்டுமே மென்பொருளில் மாற்றக்கூடியவை. இன்னொரு பெரிய வசதியும் உண்டு. இவை அனைத்திலும் அலையின் வீச்சு மாறுவதில்லை, அதிர்வெண் மட்டுமே அசைகிறது. ஆகவே சாதாரண எஃப்எம் வாக்கி டாக்கியில் இருக்கும் அதே சிக்கனமான, நேர்விகிதத் தன்மை தேவைப்படாத மின்திறன் பெருக்கியே எல்லாவற்றுக்கும் போதும். வீச்சும் மாறுகிற ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சையும் இதோடு சேர்க்கச் சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அப்படியானால் பழைய எஃப்எம் கையடக்க ரேடியோ ஒன்றின் மைக் துளையில் டிஜிட்டல் சமிக்ஞையைச் செலுத்தினால் வேலை செய்யுமா என்று அடுத்த கேள்வி எழும். செய்யாது. மைக் வழி என்பது மனிதக் குரலுக்காக வெட்டிச் செதுக்கப்பட்ட பாதை. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது தள்ளிவிடும், மேலே உள்ளதை முன்கூட்டியே தூக்கிக் கொடுக்கும். நான்கு நிலைச் சமிக்ஞைக்கோ பூஜ்யம் ஹெர்ட்ஸ் அருகிலிருந்தே தட்டையான பாதை வேண்டும். ஒரே குறியீடு பல முறை தொடர்ந்து வந்தால் அதிர்வெண் அந்த இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். ஆனால் ரேடியோவுக்குள் அதிர்வெண்ணைக் கட்டிப்போட்டிருக்கும் கட்டப்பூட்டு வளையம் அந்த நீடித்த விலகலைப் பிழையென்று கருதி மெல்ல இழுத்து மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் டிஜிட்டல் ரேடியோக்களில் அலையை உண்டாக்கும் அலையியற்றி, அதற்கு அளவுகோலாக இருக்கும் மேற்கோள் படிகம் ஆகிய இரண்டு இடங்களிலும் ஒரே நேரத்தில் பண்பேற்றம் செய்வார்கள். இரண்டுக்கும் இடையிலான சமநிலையை ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். இந்தச் சமநிலை கெட்டுப்போன ரேடியோவை வைத்துக்கொண்டு "ஆண்டெனா சரியில்லை" என்று மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

படிகத்தின் துல்லியமும் கவனிக்க வேண்டியது. 433 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றால் 433 ஹெர்ட்ஸ் நகர்வு. எஃப்எம் பேச்சில் அதைக் காது கண்டுகொள்ளவே கொள்ளாது. டிஎம்ஆரில் அடுத்தடுத்த நிலைகளுக்கு நடுவே உள்ள எல்லைக்கோடு 648 ஹெர்ட்ஸ் தொலைவில் இருக்கிறது. ஆகவே 433 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே கையிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. குறுகிய என்எக்ஸ்டிஎன்னில் எல்லைக்கோடே 350 ஹெர்ட்ஸில்தான். பெறும் பக்கம் நகர்வைக் கணித்து ஈடுகட்ட முடியும் என்பது உண்மை, ஆனால் எல்லாக் கருவிகளும் ஒரே அளவு திறமையாக அதைச் செய்வதில்லை. பல முறைகளைப் பேசும் கருவி செய்பவர் அவற்றிலேயே மிகவும் குறுகிய முறைக்குத் தகுந்த படிகத்தைத்தான் போட்டாக வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது டிஎம்ஆரின் நேரப் பங்கீடு. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தடத்தில் இரண்டு உரையாடல்கள் மாறி மாறிப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் 30 மில்லி விநாடி, அதில் 27.5 மில்லி விநாடி 264 பிட்டுகளுக்கு, மீதி இடைவெளி. பேசுகிறவரின் ரேடியோ, ரிப்பீட்டரின் (அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையத்தின்) தாளத்தைக் கேட்டு, தன் முறை வரும்போது மட்டும் மின்திறனை ஏற்றி, முடிந்ததும் இறக்க வேண்டும். ஒரு மில்லி விநாடியும் சொச்சமும்தான் அந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அனுமதி. தாமதமானால் அடுத்தவர் பேச்சின் மேல் மோதும், அவசரமாகத் திடீரென்று ஏற்றினால் பக்கத்துத் தடங்களில் சிதறல் தெறிக்கும். மற்ற முறைகளில் அழுத்திப் பிடித்திருக்கும்வரை அலை தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும், இந்தச் சிரமம் கிடையாது. அதனால் ஒரு வன்பொருள் டிஎம்ஆரை ஒழுங்காகச் செய்துவிட்டால் மற்றவற்றுக்குத் தேவையான ரேடியோத் திறன் பெரும்பாலும் அதனிடம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. கென்வுட்டின் என்எக்ஸ்-5000 வரிசை வணிகக் கையடக்க ரேடியோக்கள் பி25, என்எக்ஸ்டிஎன், டிஎம்ஆர் ஆகியவற்றோடு எஃப்எம்மையும் பேசக்கூடியவை. எந்த முறை வேண்டுமோ அதற்கு உரிமம் வாங்கித் திறந்துகொள்ள வேண்டும். தீயணைப்புத் துறை போன்ற வாடிக்கையாளர்கள் கேட்டதும் பன்முறைக் கருவி வந்துவிட்டது. அமெச்சூர்கள் கேட்டால்தான் வராமல் இருக்கிறது.

இனி அந்தச் சிறிய மென்பொருள் துண்டுக்கு வருகிறேன். நம் குரலை விநாடிக்கு 8000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டு என்று எடுத்தால் விநாடிக்கு 1,28,000 பிட்டுகள் ஆகும். டிஎம்ஆர் அதிலிருந்து 2450 பிட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, காற்றில் ஏற்படும் சேதத்துக்கு முன்னெச்சரிக்கையாக 1150 பிட்டுகள் பிழைதிருத்தம் சேர்க்கிறது. டி-ஸ்டாரில் 2400-உம் 1200-உம். ஐம்பது மடங்குக்கு மேல் சுருக்கம் இது. ஒலி அலையை அப்படியே சுருக்கி இதைச் சாதிக்க முடியாது. குரலின் சுருதி எவ்வளவு, ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும் இருப்பது தொண்டை அதிர்வா மூச்சொலியா, எங்கே எவ்வளவு வலு என்பவற்றை மட்டும் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை அளந்து எழுதி அனுப்புகிறார்கள். மறுமுனையில் இருக்கும் கருவி அந்தக் குறிப்பைப் பார்த்துப் புதிதாக ஒரு குரலை உருவாக்குகிறது. அதைச் செய்வது வோகோடர். டிஜிட்டல் ரேடியோவில் நீங்கள் கேட்பது நண்பரின் குரல் அல்ல, அந்தக் குரலைப் பற்றிய குறிப்பிலிருந்து வரைந்த சித்திரம்.

இந்த வழிமுறை 1980-களில் எம்ஐடியில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. அதை வணிகமாக்கிய டிவிஎஸ்ஐ நிறுவனம் ஐஎம்பிஇ, ஏஎம்பிஇ, ஏஎம்பிஇ பிளஸ் டூ என்று அடுத்தடுத்த தலைமுறைகளை வெளியிட்டது. பி25-இலும் ஃப்யூஷனின் அகலக் குரல் முறையிலும் இருப்பது ஐஎம்பிஇ. டி-ஸ்டாரில் பழைய ஏஎம்பிஇ. டிஎம்ஆர், குறுகிய என்எக்ஸ்டிஎன், ஃப்யூஷனின் வழக்கமான குரல்-தரவு முறை ஆகியவற்றில் ஏஎம்பிஇ பிளஸ் டூ. எல்லாமே ஒரே வீட்டுச் சரக்கு, எல்லாமே மூடிய சரக்கு. பயன்படுத்த வேண்டுமானால் அவர்களது சில்லை வாங்கவேண்டும், அல்லது மென்பொருள் உரிமத்துக்குப் பணம் கட்டவேண்டும்.

டி-ஸ்டாரின் வரலாற்றைப் பார்த்தால் எனக்கு இதில் வருத்தம்தான் மிஞ்சுகிறது. ஜப்பான் அமெச்சூர் ரேடியோ சங்கம் அதை வகுத்து 2001-இல் வெளியிட்டது. விதிமுறை யாரும் படிக்கக்கூடிய திறந்த ஆவணம். அமெச்சூர்களுக்காக அமெச்சூர்களின் சங்கமே உருவாக்கியது, உரிமத்தோடு ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் அழைப்புக்குறியை முகவரியாகவே கொண்டது. அவ்வளவு அழகான வடிவமைப்பின் நடுவே குரல் மட்டும் பூட்டிய பெட்டிக்குள் போனது. அன்றைக்கு அந்தத் தரத்தில் திறந்த மாற்று இல்லை என்பது நியாயமான காரணம்தான். ஐகாம் நிறுவனத்தின் தொடக்ககாலக் கையடக்க மாடல்களான வி82, யு82 ஆகியவற்றில் டி-ஸ்டார் பேச யுடி-118 என்ற தனிப் பலகையைச் செருக வேண்டியிருந்தது. அந்தப் பலகையின் இதயம் டிவிஎஸ்ஐ சில்லு. அன்று விழுந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

டிஎம்ஆர் வேறு வழியில் வந்தது. ஐரோப்பியத் தரநிலை அமைப்பான எட்சி 2005-இல் அதை வெளியிட்டபோது மனதில் இருந்தவர்கள் வாடகைக் கார் நிறுவனங்களும் கட்டுமானத் தளங்களும்தான். அமெச்சூர்கள் பின்னால் சென்று சேர்ந்துகொண்டார்கள். 2015 வாக்கில் டைட்டெரா எம்டி-380 போன்ற மலிவுக் கருவிகள் வந்ததும் கூட்டம் பெருகியது. யேசு 2013-இல் எஃப்டி1டி என்ற கையடக்கக் கருவியோடு சிஸ்டம் ஃப்யூஷனைத் தொடங்கியது. வருவது எஃப்எம்மா டிஜிட்டலா என்று தானே கண்டறிந்து மாறிக்கொள்ளும் அதன் வசதி உண்மையிலேயே நல்ல யோசனை. 2016-இல் கென்வுட் டிஎச்-டி74 மூலம் டி-ஸ்டார் பக்கம் வந்தது. கவனியுங்கள், பெரிய நிறுவனங்களில் எதுவும் அமெச்சூர் கையடக்கக் கருவி ஒன்றில் இரண்டு டிஜிட்டல் குரல் முறைகளைச் சேர்க்கவில்லை. ரிப்பீட்டர் விற்றவருக்குக் கையடக்கக் கருவியும் விற்க வேண்டும். எதிராளியின் ரிப்பீட்டரிலும் பேசும் கருவியை அவர் தானாக முன்வந்து ஏன் செய்யப்போகிறார்?

வோகோடருக்கு அடுத்து, யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கலும் உண்டு: முகவரி. டி-ஸ்டாரில் உங்கள் அடையாளம் அழைப்புக்குறி, எட்டு எழுத்துகள். டிஎம்ஆரில் 24 பிட்டு எண். அமெச்சூர்களுக்குப் பொதுவாக ஏழு இலக்க அடையாள எண்ணைப் பதிவு செய்து தருகிறார்கள். ஃப்யூஷனில் பத்து எழுத்து. என்எக்ஸ்டிஎன்னில் 16 பிட்டு எண், அதாவது 65,536-க்குள் உலகம் முழுவதும் அடங்க வேண்டும். டி-ஸ்டாரில் ஒருவரைக் கூப்பிட நான்கு புலங்களை நிரப்பவேண்டும். டிஎம்ஆரில் பேச்சுக்குழு, நேரப்பங்கு, வண்ணக் குறியீடு மூன்றும் பொருந்த வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரு சிறிய திரையிலும் பதினைந்து இருபது பொத்தான்களிலும் குழப்பமில்லாமல் எப்படிக் காட்டுவது? டிஎம்ஆருக்கு மட்டும் கோட்பிளக் (ரேடியோவின் தடங்களையும் அமைப்புகளையும் அடக்கிய கோப்பு) எழுதிப் பார்த்தவர்களுக்கே அந்த அலுப்பு தெரியும். மூன்று முறைகளுக்கும் மூன்று கோட்பிளக்குகளைக் கட்டிக்கொண்டு வரும் கருவியைப் பன்முறைக் கருவி என்று அழைக்க எனக்கு மனமில்லை. "இந்த அழைப்புக்குறியோடு பேச வேண்டும்" என்று சொன்னால் மீதியைக் கருவியே பார்த்துக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் இந்த முகப்பு வேலை ரேடியோ வேலையைவிடக் கடினமானது.

நிறுவனங்கள் செய்யாததை அமெச்சூர்கள் வேறு திசையிலிருந்து செய்தார்கள். பிரிட்டனின் ஜொனதன் நேய்லர் (அழைப்புக்குறி ஜி4கேஎல்எக்ஸ்) எழுதிய எம்எம்டிவிஎம் மென்பொருளைத்தான் சொல்கிறேன். முதலில் ஆர்டுயினோ டியூ பலகையில் ஓடியது, பிறகு எஸ்டிஎம்32 செயலிகளுக்கு வந்தது. டி-ஸ்டார், டிஎம்ஆர், ஃப்யூஷன், பி25, என்எக்ஸ்டிஎன், பின்னாளில் எம்17 என எல்லா முறைகளின் பண்பேற்றத்தையும் ஒரே சிறிய செயலி கையாளுகிறது. நான் மேலே சொன்ன "நெருங்கிய உறவினர்கள்" என்ற கூற்றுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஏடிஎஃப்7021 என்ற சில்லைக் கொண்டு விரல் நீளப் பலகையாக அது சுருங்கியபோது ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் மேல் உட்கார்ந்து, கையடக்க ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் ஹாட்ஸ்பாட் பிறந்தது.

எம்எம்டிவிஎம் ஏன் வோகோடர் முடிச்சில் சிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஹாட்ஸ்பாட் குரலைக் கேட்பதே இல்லை. சுருக்கப்பட்ட பிட்டுகளை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் அப்படியே கொடுக்கிறது, உறையைப் பிரிக்காத தபால்காரரைப் போல. டிஎம்ஆர், ஃப்யூஷனின் வழக்கமான முறை, குறுகிய என்எக்ஸ்டிஎன் மூன்றும் ஒரே வோகோடரைப் பயன்படுத்துவதால் உறையை மாற்றி முகவரியைத் திருத்தி எழுதினாலே போதும். உங்களிடம் ஃப்யூஷன் கருவி மட்டும் இருந்தாலும் ஹாட்ஸ்பாட் வழியாக டிஎம்ஆர் பேச்சுக்குழுவில் பேச முடிவது இப்படித்தான், குரலின் தரம் ஒரு துளியும் குறையாமல். ஆனால் டிஎம்ஆரிலிருந்து டி-ஸ்டாருக்குப் போக வேண்டுமானால் நடுவில் யாராவது குரலைத் திரும்ப ஒலியாக்கி மறுபடியும் சுருக்க வேண்டும். அதற்கு வோகோடர் சில்லுகள் பொருத்திய சேவையகம் வேண்டும். சித்திரத்தைப் பார்த்து இன்னொரு சித்திரம் வரைவது போன்ற வேலை என்பதால் குரல் சற்று மழுங்கும்.

ஹாட்ஸ்பாட்டுக்கு இணையம் வேண்டும் என்பது அதன் பலவீனம். மலை உச்சியில் நேருக்கு நேர் டி-ஸ்டாரில் கூப்பிடுபவருக்கு உங்கள் டிஎம்ஆர் கருவி பதில் சொல்ல ஹாட்ஸ்பாட் உதவாது. புயல் அடித்து இணையம் அறுந்த நாளிலும் உதவாது. எனவே கையடக்கக் கருவியே பல முறைகள் பேச வேண்டும் என்ற ஆசை நியாயமானது, ஹாட்ஸ்பாட் அதற்கு ஈடல்ல.

அந்த ஆசையின் அடுத்த கட்டம் ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, திறந்தவர்களிடமிருந்து வந்தது. டிராவிஸ் குட்ஸ்பீட் எம்டி-380-இன் ஃபர்ம்வேரைப் பிரித்து ஆராய்ந்து, அதை மாற்றி எழுத முடியும் என்று காட்டினார். அதிலிருந்து வளர்ந்த கருவித்தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: அந்த ரேடியோவின் ஃபர்ம்வேரையே கணினியில் ஓடவைத்து அதன் வோகோடர் பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொள்ளும் வித்தை. குரல் சுருக்கம் தனிச் சில்லில் அல்ல, எஸ்டிஎம்32 செயலியில் ஓடும் வெறும் மென்பொருளாகத்தான் இருந்தது என்பது அதில் வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவின் ரோஜர் கிளார்க், விகே3கேஒய்ஒய், முன்னின்று வளர்த்த ஓபன்ஜிடி77 மற்றொரு பாதை. ஜிடி-77 போன்ற கருவிகளுக்கு அமெச்சூர்களின் தேவைக்கேற்ற புதிய ஃபர்ம்வேர் அது. அதை நிறுவும்போது, உற்பத்தியாளரின் அசல் ஃபர்ம்வேர் கோப்பையும் நீங்கள் கொடுக்க வேண்டும். வோகோடர் பகுதி அதிலிருந்து எடுத்து ஒட்டப்படுகிறது. திறந்த மனத்தோடு எழுதப்பட்ட ஒரு முழு இயங்குதளத்தின் நடுவிலும் அந்தப் பூட்டிய பெட்டி அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கருவிகளில் டி-ஸ்டாரையும் சேர்த்துவிடலாமே என்று அடிக்கடி கேட்கிறார்கள். பல மலிவுக் கருவிகளில் டிஎம்ஆரின் பண்பேற்றத்தையும் ஃபிரேம் அமைப்பையும் எச்ஆர்-சி5000, சி6000 போன்ற தனிச் சில்லுகள் பார்த்துக்கொள்கின்றன. அவை டிஎம்ஆருக்காகவே வார்க்கப்பட்டவை. செயலிக்கு மூல அலையைத் தொட வழியே இருக்காது. சில மாடல்களில் சிறு பற்றவைப்பு வேலை செய்து அந்தப் பாதையைத் திறக்கலாம், ஓபன்ஆர்டிஎக்ஸ் என்ற திறந்த ஃபர்ம்வேரை எம்டி-380, யுவி380 வகைகளில் போட்டு எம்17 பேசியவர்கள் அதைத்தான் செய்தார்கள். பூதக்கண்ணாடி, மெல்லிய நுனி, நடுங்காத கை மூன்றும் வேண்டும். செய்து முடித்து முதல் முறை மறுமுனையிலிருந்து குரல் வந்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி, எந்தக் கடைக் கருவியும் தந்ததில்லை.

எம்17 பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் முடிச்சை வெட்டியது அதுதான். போலந்தின் வொய்ச்செக் கச்மார்ஸ்கி, எஸ்பி5டபிள்யூடபிள்யூபி, 2019-இல் தொடங்கினார். வார்சாவில் மொகோடொவ்ஸ்கா தெரு 17-ஆம் எண்ணில் இருந்த வானொலி மன்றத்தின் முகவரியே பெயராயிற்று. விதிமுறை திறந்தது, மென்பொருள் திறந்தது, முக்கியமாகக் குரலும் திறந்தது. ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோ உருவாக்கிய கோடெக்2 என்ற திறந்த வோகோடர் அதில் இருக்கிறது. விநாடிக்கு 3200 பிட்டுகளில் பேசும்போது அது டிஎம்ஆரோடு சரிசமமாக நிற்கும், சில குரல்களுக்கு மேலாகவே இருக்கும் என்பது என் காது சொல்லும் தீர்ப்பு. அழைப்புக்குறியை 48 பிட்டுகளில் அடக்கி முகவரியாக வைத்திருக்கிறார்கள். எண் பதிவு, மையத் தரவுத்தளம் எதுவும் வேண்டாம். யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் காசு கட்டாமல், ஒரு மாணவர் தன் மேசையில் முழு டிஜிட்டல் ரேடியோவை எழுதி முடிக்க முடிகிறது. கனெக்ட் சிஸ்டம்ஸ் விற்ற சிஎஸ்7000-எம்17 டிஎம்ஆர் கருவியாகப் பிறந்து, வேறு ஃபர்ம்வேர் போட்டால் எம்17 பேசுவது. ஒரே நேரத்தில் இரண்டும் அல்ல, ஆனால் ஒரே வன்பொருள்.

முழு விடை மென்பொருள் வரையறுத்த ரேடியோதான். இதுவும் புதிய கனவு அல்ல. 2010-களின் தொடக்கத்திலேயே கிறிஸ் டெஸ்டாவும் புரூஸ் பெரன்ஸும் வைட்பாக்ஸ் என்ற பெயரில் கையடக்க மென்பொருள் ரேடியோவுக்கு முயன்றார்கள். அன்று தடையாக நின்றவற்றில் பெரியது மின்சாரம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 7.4 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 14.8 வாட் மணி. ரேடியோச் சில்லும் செயலியும் சேர்ந்து சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே 2 வாட் எடுத்தால், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஏழரை மணி நேரத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். சாதாரண எஃப்எம் கருவி விட்டுவிட்டுத் தூங்கி விழித்துக் கேட்பதால் நாள் முழுவதும் தாங்குகிறது.

அண்மையில் எம்17 வட்டத்திலிருந்து வந்த லின்எச்டி என்ற முயற்சி இந்தக் கனவைத் திரும்ப எடுத்திருக்கிறது. ரெடெவிஸ் சி62 என்ற கருவியின் கூட்டுக்குள், அசல் பலகையை நீக்கிவிட்டுப் புதிய பலகையைப் பொருத்துகிறார்கள். எஸ்எக்ஸ்1255 ரேடியோச் சில்லு, ஐ.எம்எக்ஸ்93 செயலி, மேலே முழு லினக்ஸ். புதிய முறை ஒன்று வேண்டுமானால் புதிய நிரல் எழுதினால் போதும். அந்தச் சில்லு 400 முதல் 510 மெகாஹெர்ட்ஸ் வரைதான் போகும் என்பதால் 70 சென்டிமீட்டர் பட்டை மட்டும், இரண்டு மீட்டர் (144 மெகாஹெர்ட்ஸ்) பட்டை கிடையாது. கூடு, பொத்தான்கள், பேட்டரி ஆகியவற்றைப் புதிதாக வார்க்காமல் இருப்பதை எடுத்துக்கொண்ட அறிவு எனக்குப் பிடித்திருக்கிறது. அமெச்சூர் கையடக்கத் திட்டங்களில் பல, பிளாஸ்டிக் அச்சுக்கான செலவிலேயே நின்றுபோகக்கூடியவை.

ஆனால் அதிலும் டி-ஸ்டாரும் டிஎம்ஆரும் பேச வோகோடர் வேண்டும். சில்லை வாங்கிப் பொருத்தலாம், அல்லது அந்தந்த வோகோடரின் மேல் காப்புரிமை இன்னும் மிச்சமிருந்தால் அது காலாவதியாகும்வரை பொறுக்கலாம். மறைந்திருக்கும் வழிமுறையை ஆய்ந்து எழுதிய திறந்த நிரல்கள் ஏற்கெனவே உலவுகின்றன. தயாரிப்பாக விற்க முடியாததற்குக் காரணம் சட்டம்தானே தவிர அறிவுக் குறைவு அல்ல.

இப்போது என்ன வாங்குவது? உங்கள் நண்பர்கள் மூவரில் யாரோடு நேரடியாகவோ ரிப்பீட்டர் வழியாகவோ அதிகம் பேசுவீர்களோ அவரது முறையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ஹாட்ஸ்பாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஎம்ஆராக இருந்தால், திறந்த ஃபர்ம்வேர் ஏற்கும் மாடலா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் மாடலிலும் உள்ளே இருக்கும் பலகை பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது, அதனால் பதிப்பு எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு கருவியும் ஹாட்ஸ்பாட்டும் இருந்தால் டிஎம்ஆர், ஃப்யூஷன் நண்பர்கள் இருவரும் உங்களுக்கு நன்றாகவே கிடைப்பார்கள். டி-ஸ்டார் நண்பரைக் குரல்மாற்றுச் சேவையகம் வழியாகப் பிடிக்கலாம், தரம் சற்றுக் குறையும். அவர்தான் உங்களுக்கு முக்கியமானவர் என்றால் டி-ஸ்டார் கருவியையே வாங்கிவிடுங்கள். நேரடிப் பேச்சில் அதற்கு மாற்று இல்லை.

ஹாட்ஸ்பாட்டை முதன்முதலாக இயக்கும்போது பிழை விகிதத்தைப் பாருங்கள். ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் படிகத்தின் நகர்வைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கும், ஐம்பது ஹெர்ட்ஸ் படிகளாக மேலும் கீழும் நகர்த்தி விகிதம் எங்கே குறைகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் "டிஜிட்டல் குரல் விட்டுவிட்டு வருகிறது" என்று சலித்துக் கைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான். பத்து நிமிட வேலை.

பற்றவைப்புக் கோலைப் பிடிக்கத் தயக்கமில்லை என்றால் பழைய எம்டி-380 வகை ஒன்றைத் தேடி எடுத்து எம்17-ஐயும் முயன்று பாருங்கள். உங்கள் ஊரில் அதைப் பேச வேறு யாரும் இல்லாவிட்டாலும் கணினி வழியே சேர்ந்துகொள்ளும் அரங்கங்கள் உண்டு. ஓபன்ஆர்டிஎக்ஸின் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, மைக்கில் நுழைந்த குரல் எந்தெந்த வரிகளைக் கடந்து ஆண்டெனாவுக்குப் போகிறது என்று முதலிலிருந்து முடிவுவரை உங்களால் பின்தொடர முடியும்.